குளவி மரத்துக் கணக்கப்பிள்ளை

சிவப்புத் துணியின் ஓரத்தை அந்தக் கைகள் முதலில் ஒரு நெல் அகலத்துக்கு மடித்தன. நகத்தால் அழுத்தி வரி போட்டன. பிறகு இன்னொரு மடிப்பு. பிசிறெல்லாம் உள்ளே போய்விட்டதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, தையல் மெஷினின் ஊசிக்கு அடியில் கொடுத்தன. மூலை வந்ததும் நின்றன. இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மூலை தடித்துப் போகும். அதனால் உள்ளே போகிற துணியைச் சாய்வாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு அந்தக் கைகள் எடுத்தது கத்தரிக்கோலை அல்ல, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியை.

கத்தரிக்கோல் இல்லாத வீடல்ல அது. மெஷின் மேசையின் இழுப்பறைக்குள், லாச்சிக்குள், நல்ல கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. அளவு நாடாவும், மாற்று ஊசிகளும், நூல் சுற்றிய பொபின்களும் அதற்குள்ளேதான் இருந்தன. ஆனால் லாச்சியைத் திறக்க முடியாது. லாச்சிக்கும் பலகைக்கும் நடுவே இடை மெலிந்த குளவி ஒன்று மண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் அங்கே ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். பிள்ளை பிறக்கும்வரை கூட்டை உடைக்கக் கூடாது. அந்தத் தோட்டத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாச்சியை இழுத்தால் கூடு உடையும். ஆகவே மருமகள் தர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கத்தரிக்கோலும் வெளியே வரும்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி வெள்ளையம்மா. ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் ஏறி, பஸ் இதற்கு மேல் போகாது என்று நிற்கிற இடத்தில் இறங்கி, இன்னும் ஓர் ஏற்றம் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே கொழுந்து பறித்தவள். தையலை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கலியாணமான புதிதில், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் வீட்டு அம்மா கிழிந்த ஜாக்கெட் ஒன்றை எறியக் கொடுத்தாள். வெள்ளையம்மா அதை எறியாமல் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்த்தாள். பிறகு கையாலேயே திரும்பத் தைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது டிஸ்பென்சர் அம்மா அதைத் தன் ஜாக்கெட் என்றே நம்பவில்லை. முன்னைவிட நன்றாகப் பொருந்தியது. அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். புருஷனின் கால்சட்டை, தலையணை உறை, ஒரு தடவை பெரிய கணக்கப்பிள்ளையின் குடை. புருஷன் தவறிய பிறகு அவருடைய சேமநிதிப் பணத்தில் வாங்கியதுதான் மெஷின்.

முழங்கால் இரண்டும் போனபிறகு அவளால் கூடையோடு மலை ஏற முடியவில்லை. மலை என்றால் தோட்டத்தில் தேயிலைக் காட்டின் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒன்பதாம் நம்பர் மலையில் இரண்டு பேரைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, அவளுக்கு லேசு வேலை ஒன்று கிடைத்தது. பறிக்கிற கூட்டத்துக்கு முன்னால் போய், எங்கெங்கே குளவி இருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவளுக்குப் பிடித்த வேலை. குளவி எங்கே குடியிருக்கும் என்பது அவளுக்கு ஓரளவு தெரியும். மண்குளவிக்கு மனிதர் புழங்குகிற இடம்தான் வேண்டும்: சாவித் துவாரம், சாமிப் படத்தின் பின்பக்கம், ஆணியில் தொங்கும் மழைக்கோட்டின் மடிப்பு. சின்னக் காகிதக் குளவி தேயிலைச் செடியின் அடியில், கையை விட்டால்தான் தெரிகிற மாதிரி, தலைகீழாகக் குடை பிடித்திருக்கும். பழைய கக்கூஸின் தகரத்துக்குக் கீழேயும் இருக்கும். பெரிய குளவி, சிங்களத்தில் தெபரா என்பார்களே அது, மரக்கவட்டில் பானை அளவுக்குக் கூடு கட்டும். நிழலும் பக்கத்தில் தண்ணீரும் இருந்து, யாரும் வந்து கேள்வி கேட்காத இடமாக அது பார்த்துக்கொள்ளும். இதில் கடைசி விஷயத்தை வெள்ளையம்மா ரொம்ப மதித்தாள்.

பெரிய கணக்கப்பிள்ளை சங்கரலிங்கம் அவள் தைத்த முதல் கொடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்த மேசுக் காலுறை, காக்கித் தொப்பி, மீசை. தோட்டத்தில் வேலை பார்ப்பவர் எல்லாருக்கும் மேலே அவர். அவருக்கு மேலே துரை.

“ஒரு துண்டத் துணியக் கிழிச்சி மரத்துல கட்டுன்னு சொன்னேன். நீ என்னா, குளவிக்குச் சீல தச்சிக் குடுக்குறியா?”

“ஓரம் மடிக்காட்டி நூல் நூலாப் போயிருமுங்க ஐயா.”

“போனாப் போவுது! குளவி வந்து ஓரம் பாக்குமா?”

“குளவி பாக்காதுங்க. நான் பாப்பேன்ல.”

அந்த ஓரம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பதினோராம் நம்பர் மலைக்குப் போகிற பாதை வளைகிற இடத்தில் ஒரு சவுக்கு மரம். அதன் கவட்டில் பெரிய குளவி கூடு வைத்திருந்தது. தர்மிளாவின் கூட்டம் அந்த மாதம் முழுவதும் பறிக்க வேண்டிய மலை அது. வெள்ளையம்மாவுக்கு அந்தக் கூட்டைக் கண்டதும் தர்மிளாவின் கை ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரே ஒரு குளவி, அதுவும் புறங்கையில்தான், தர்மிளாவைக் கொட்டியிருந்தது. மற்றவள் என்றால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கூடையைத் தூக்கியிருப்பாள். தர்மிளாவுக்கு உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் கிடத்தித்தான் பலாங்கொடைக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு தடவை கொட்டினால் வந்து சேர நேரம் இருக்குமோ தெரியாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அப்போது அவள் வயிறு வெறும் வயிறு. இப்போது, கலியாணமாகி ஆறு வருஷம் கழித்து, அதில் ஒரு பிள்ளை இருந்தது. வீட்டில் இரு என்றாலும் இருக்க முடியாது. பேறுகாலச் சம்பளம் வேண்டுமென்றால் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், பேர் விழவேண்டும். பேர் விழ மலைக்குப் போகவேண்டும். மகன் அஜந்தன் கொழும்பில் ஒரு கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளையம்மா சவுக்கு மரத்தில் கொடியைக் கட்டினாள். எட்டி நின்று, தொங்கல் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மரத்தடியில் ஒரு கல் இருந்தது. அதற்கு மறுநாள் கல்லுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். மூன்று எலுமிச்சம்பழம் வந்தது. வெள்ளிக்கிழமை கற்பூரம் எரிந்தது. மேல் டிவிஷனிலிருந்து குறுக்குப் பாதையில் வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தைச் சுற்றி வந்து, முனி ஐயா காப்பாத்து என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தலைக்கு மேலே குளவிகள் போய் வந்துகொண்டிருந்தன. கும்பிடுகிறபோது யார் மேலே பார்க்கிறார்கள்?

வெள்ளையம்மா கோயில் பூசாரி அழகமுத்துவைத் தேடிப் போனாள்.

“அழகமுத்தண்ணே, அது நான் கட்டுன துணி. குளவி இருக்குன்னு கட்டுனேன்.”

அழகமுத்து சிரித்தார். “ஏம்மா, குளவிக்குக் கட்டுற துணிய எவளாச்சும் நாலு பக்கமும் மடிச்சித் தைப்பாளா? மூலயப் பாரு, எப்புடி இருக்கு! பாத்தாலே தெரியுதே சாமி வஸ்திரம்னு.”

“நான் எல்லாத்தயும் அப்புடித்தாண்ணே தைப்பேன்.”

“சரி. நீ கட்டுனியா, ஒன்னக் கட்ட வச்சாங்களா?”

“கணக்கப்புள்ள ஐயா கட்டச் சொன்னாரு.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“தொரை.”

“தொரைக்கு?”

“கொழும்புல கம்பெனி.”

“கம்பெனிக்கு மேல?”

வெள்ளையம்மா யோசித்துப் பார்த்தாள். கம்பெனிக்கு மேல் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அதான்,” என்றார் அழகமுத்து.

அடுத்த வெள்ளிக்கிழமை சேவல் கொண்டுபோனார்கள். சாம்பிராணி போட்டார்கள். புகை நேராக மேலே போய்க் கூட்டைச் சுற்றியது. அழகமுத்து கத்தியை ஓங்கினார்; குளவி இறங்கியது. கத்தி ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். சேவல் மட்டும் நிதானமாக நடந்து போய்த் தேயிலைக்குள் நுழைந்தது. பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. குளவிகள் மலைக்குள் இரண்டு நிரை தள்ளி வரைக்கும் போயின. மூன்றாம் நிரையில் தர்மிளா நின்றாள். பக்கத்தில் பறித்தவள் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளை மூடி, மேலே படுத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த தர்மிளா நெடுநேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாமி, அடுத்த வெள்ளிக்கிழம ஆடு குடுக்கப் போறாங்களாம்,” என்றாள் கடைசியில். “சேவல் பத்தலயாம். அதான் முனிக்குக் கோவமாம்.”

“ஆடுன்னா நூறு பேரு வருவான். சாம்பிராணி மூட்டயாப் போடுவான்,” என்றாள் வெள்ளையம்மா. எழுந்து கணக்கப்பிள்ளையிடம் போனாள்.

“ஒருத்திய வேற மலைக்கு மாத்துனா நாப்பது பேரும் வயித்தப் புடிச்சிக்கிட்டு வருவாளுக,” என்றார் சங்கரலிங்கம்.

“அப்ப கூட்டயாச்சும் எரிச்சிருங்க ஐயா.”

மருந்து அடிக்கிறவனைக் கூப்பிட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, “முனி வூட்டுக்கு நெருப்பு வக்கச் சொல்றீங்களா ஐயா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆக, கூட்டை அசைக்க முடியாது. தர்மிளாவை அசைக்க முடியாது. கும்பிட வருகிறவர்களைத்தான் அசைக்க வேண்டும். வெள்ளையம்மா மெதுவாக யோசிக்கிறவள். ஆனால் யோசித்ததை விடமாட்டாள். சிவப்பைப் பார்த்துத்தானே வருகிறார்கள்? வேறு நிறம் கட்டினால்? வஸ்திரம் அழுக்காகிவிட்டது, மாற்றப்போகிறேன் என்று அழகமுத்துவிடம் சொன்னாள். மகராசியா மாத்து என்றார். அவள் பஸ் ஏறினாள்.

ஓப்பநாயக்கவில் நிஸார் நானாவின் துணிக்கடையில் அவள் பழைய வாடிக்கை. மீட்டருக்கு ஒரு விரல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்கு மட்டும் அவர் கம்பை ஒழுங்காக வைத்து அளப்பார்.

“என்ன நெறம் வேணும், வெள்ளையம்மாக்கா?”

“சாமி இல்லாத நெறமா ஒண்ணு குடுங்க நானா.”

நிஸார் நானா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. நிறங்களைப் பற்றி அவருக்கு நீண்டகாலக் கவலை உண்டு.

“பச்ச ஈக்கி. ஆனா எலெக்சன் வருது. பச்ச கட்டினா நீலக்காரன் கிழிக்க வருவான். நீலம் கட்டினா பச்சக்காரன் வருவான். ரெண்டு பேரும் கொட்டு வாங்கிட்டு, ஒங்க மேல கேஸ் போடுவான்.”

“மஞ்சள்?”

“மஞ்சளும் ஒங்கட அம்மனுக்குத்தானே. கொஞ்சம் வெளுத்தா புத்த ஹாமுதுருட காவி நெறம். பெரஹரா ஊர்வலம்னு நெனச்சி வருவாங்க.”

“ரோஸு?”

“கலியாண வூடு. சோறு தேடி வருவாங்க.”

“பூப்போட்டது?”

“சீல காயப் போட்டிருக்குன்னு எவளாவது எடுத்துட்டுப் போவா.”

மூலையில் ஒரு கறுப்புத் துணிச் சுருள் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் வெளியே, சந்தியில் மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தார்கள். யுத்த காலத்தில் கறுப்புக் கொடியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“வெள்ள கொண்டு போங்க,” என்றார் நிஸார் நானா. “வெள்ளையில என்ன ஈக்கி?”

வெள்ளையில் என்ன இருக்கிறது என்பது இரண்டே நாளில் தெரிந்தது. தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். வெள்ளையம்மா சவுக்கு மரத்தில் ஒன்றும், பாதையின் இரண்டு பக்கமும் வருகிறவர்களை எச்சரிக்க நாலுமாகக் கட்டியிருந்தாள். எல்லாம் ஓரம் மடித்தவை. காலையில் கிராமத்திலிருந்து சோமாவதி வெள்ளைச் சேலை உடுத்தி, சீனிப் பொட்டலமும் தேயிலைப் பொட்டலமும் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் ஏழெட்டுப் பேரோடு ஏற்றம் ஏறி வந்தாள்.

“கவுத வெள்ளையம்மே நெத்தி உனே?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள். யார் செத்துப்போனது?

“கவுருத் நே,” என்றாள் வெள்ளையம்மா. யாரும் இல்லை.

சோமாவதி நம்பவில்லை. இவ்வளவு நேர்த்தியாக ஓரம் மடித்த கொடி சும்மா கட்டுகிற கொடியா? பெரிய ஆள் யாரோ போயிருக்க வேண்டும். பெரிய ஆள் என்றதும் லயத்து வரிசை வீட்டுக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பெரிய கணக்கப்பிள்ளையை இரண்டு நாளாகக் காணவில்லை! பல் பிடுங்க இரத்தினபுரிக்குப் போயிருந்தார். அது துரையின் பங்களாவுக்கு மட்டும்தான் தெரியும். சேதி மலை மலையாகப் பரவியது. பத்து மணிக்குள் சவுக்கு மரத்தடியில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். அழகமுத்துவும் வந்தார். அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தார்கள். யாரோ ஒருவன் கணக்கப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். சோமாவதி மட்டும் முறைப்படி அழுதாள். அடுப்புப் புகை கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. கொஞ்சம் தள்ளி நிரையில் தர்மிளா கூடையைச் சுமந்துகொண்டு கவட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடுப்ப அணைங்க! மேல குளவி! அடுப்ப அணைங்க!” என்று வெள்ளையம்மா கத்தினாள். எழவு வீட்டில் ஒரு பொம்பளை கத்துவதை யார் பெரிதாக எடுப்பார்கள்?

அப்போதுதான் பாதை வளைவில், தேயிலைச் செடிகளுக்கு மேலே, ஒரு காக்கித் தொப்பி தெரிந்தது. தொப்பி மட்டும்தான். அதற்குக் கீழே ஆள் இன்னும் தெரியவில்லை.

ஐம்பது பேரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டால் வெள்ளையம்மாவால் சொல்ல முடியாது. ஒருவன் போகிற போக்கில் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பிலேயே கவிழ்த்துவிட்டுப் போனதால் அடுப்பு அணைந்தது. அழகமுத்து போன வெள்ளிக்கிழமை ஓடியதைவிட வேகமாக ஓடினார். சிங்களக் கிராமத்துக்காரர்களுக்கு ஏன் ஓடுகிறோம் என்று தெரியாது, ஆனாலும் ஓடினார்கள். முழங்கால் போன வெள்ளையம்மா மட்டும் அங்கே நின்றாள். அதனால்தான் நடந்ததை அவளால் பார்க்க முடிந்தது.

கன்னம் வீங்கிய சங்கரலிங்கம் வந்து கொடியைப் பார்த்தார்.

“யாருக்கு வெள்ளக்கொடி?”

“ஒங்களுக்குன்னு பேசிக்கிட்டாங்க ஐயா.”

“எனக்கா?” வீங்கிய கன்னத்தைத் தடவினார். “யாராச்சும் அழுதாங்களா?”

“சோமாவதி அழுதிச்சிங்க.” வெள்ளையம்மாவுக்குப் பொய் வராது. “அது எல்லா எழவுலயும் அழும்.”

அவர் முழங்கால் மேசுகளை இழுத்துவிட்டுக்கொண்டார். வெள்ளையம்மா கவிழ்ந்த கேத்தலையும், ஒற்றைச் செருப்புகளையும், யாருமே இல்லாத மரத்தடியையும் பார்த்தாள். பிறகு அவருடைய தொப்பியைப் பார்த்தாள்.

“ஐயா, சிவப்பக் கட்டுனேன், கும்புட வந்தாங்க. வெள்ளையக் கட்டுனேன், அழ வந்தாங்க. ஒங்கள, அதுவும் ஒங்க தொப்பியத்தான் பாத்தாங்க. ஒரு ஈ காக்கா இல்ல.”

“நெசமாவா?” என்றார் சங்கரலிங்கம். வீங்கிய கன்னத்தோடு சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. “தொப்பியப் பாத்தே ஓடுனாங்களா?”

“சாமியக் கூட அப்புடிப் பாத்து ஓடலீங்க.”

“அதுக்காக நான் நாள் பூராவும் குளவிக்குக் காவல் நிக்க முடியுமா?”

“நீங்க வேணாங்க ஐயா. ஒங்க கால்சட்ட போதும்.”

அன்று மாலையே அவர் பழைய அரைக்கால்சட்டை, சட்டை, மேசு, தொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தானே தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். பெரிய கணக்கப்பிள்ளை லயத்துக்கு வருவது களவுபோன கொழுந்துச் சாக்கை யார் வீட்டிலாவது தேடுகிற அன்றைக்குத்தான். ஆகவே அந்த வரிசையில் கதவெல்லாம் சாத்திக்கொண்டது. வெள்ளையம்மா அதையும் அவருக்குக் காட்டினாள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

முதலில் அவள் உடுப்பைச் சும்மா ஒரு கம்பில் மாட்டி மரத்துக்குத் தள்ளி நட்டுப் பார்த்தாள். காலை முழுவதும் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. மத்தியானம் காற்றடித்து, கணக்கப்பிள்ளையின் இரண்டு கால்சட்டைக் கால்களும் ஒரே பக்கமாகப் பறந்தன. தூரத்தில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், அவள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே ஆள் வேண்டும். ஆடு கொடுக்கிற வெள்ளிக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது.

சங்கரலிங்கத்தை நிற்க வைத்து அளவெடுத்தாள். அளவு நாடா லாச்சிக்குள் இருந்ததால் நூலால் அளந்து முடிச்சுப் போட்டாள். கொழுந்துச் சாக்கில் உடம்பு தைத்தாள். உள்ளே மானாப்புல்லைக் காயவைத்துத் திணித்தாள். இருந்த ஒரே பொபினில் திரும்பத் திரும்ப நூல் சுற்றவேண்டியிருந்தது. தர்மிளா மலையிலிருந்து வந்ததும் புல்லை உதறிக் கொடுத்தாள். சங்கரலிங்கம் காலையும் மாலையும் வந்து பார்த்தார்.

“தொப்ப இவ்வளவு இல்லியே எனக்கு?”

“முடிச்சு இருக்குங்க ஐயா. வேணும்னா இன்னொருக்கா வச்சிப் பாருங்க.”

அவர் வைத்துப் பார்க்கவில்லை. “மீச மட்டும் சரியா வரணும்.”

மீசைக்கு அவருடைய பழைய குடைத்துணியே உதவியது. முன்னொரு நாள் அந்தக் குடையைப் பிரித்துப் பார்த்தவள் அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது. முகத்தை இரண்டு தடவை பிரித்து மூன்றாம் தடவை தைத்தாள். மூக்கு வந்ததும் தர்மிளா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். “ஐயோ மாமி, நெசமாவே பயமா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சேவல் வெள்ளிக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

“நான் பென்சன் போனாலும் இது நிக்குமா?” என்று ஒரு தடவை சங்கரலிங்கம் கேட்டார்.

“கரையான் தின்னாட்டி நிக்குமுங்க.”

“அப்ப சரி.”

வியாழக்கிழமை எல்லாம் முடிந்து, கால்சட்டையின் ஓரம் மட்டும் மிச்சம். பழைய மடிப்பு நைந்திருந்ததால் புதிதாக மடிக்கவேண்டும். வெள்ளையம்மா ஒரு காலை ஒரு நெல் அகலத்துக்கு மடித்து, வரி போட்டு, தைத்தும் முடித்துவிட்டாள். இரண்டாவது காலை எடுத்தவள் நின்றுவிட்டாள். மடித்த காலைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

கவ்வாத்துக் கத்தியின் நுனியால் அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த ஓரத்தை விரலால் இழுத்துப் பிசிறாக்கினாள். சட்டைக் கையின் ஓரத்தையும் அப்படியே செய்தாள். தர்மிளா மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளையம்மா ஒரு துணியை ஓரம் மடிக்காமல் வீட்டை விட்டு அனுப்பப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சங்கரலிங்கம் வந்தார். குளிர் விடுமுன்னே, குளவி சுறுசுறுப்பாகுமுன்னே, பாதை வளைவுக்கு இப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். வேறு யாரையும் தூக்கவிட அவருக்கு மனமில்லை. கதவோரம் சாய்ந்து நின்ற தன்னை மேலிருந்து கீழே பார்த்தார். மீசையில் கண் நின்றது, சரிதான். தொப்பையைத் தாண்டிப் போனது. கால்சட்டைக்கு வந்ததும் முகம் மாறியது.

“என்னா வெள்ளையம்மா இது? குளவிக்குக் கட்டுன துணிக்கே ஓரம் மடிச்ச. எனக்கு மட்டும் நூல் நூலாத் தொங்குது?”

“மடிச்சாப் பொட்டு வச்சிருவாங்க ஐயா.”

சங்கரலிங்கம் யோசித்தார். அந்த யோசனை அவருக்கு அவ்வளவு கசப்பாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “ஒரு பொட்டுத்தானே,” என்றார் மெல்ல. “வச்சா வச்சிட்டுப் போகட்டுமே.”

வெள்ளையம்மா தர்மிளாவைப் பார்த்தாள். அவள் மலைக்குப் போக ஆயத்தமாக, இடுப்புப் படங்கு வயிற்றுக்கு மேலே ஏறி நிற்க, பொம்மையின் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வேணாங்க ஐயா. பொட்டு வச்சா, பொறகு ஆடும் கொண்டாருவாங்க.”

அவரும் தர்மிளாவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். தர்மிளா தொப்பியைக் கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துவிட்டாள், அவர் வைக்கிற மாதிரியே. வெள்ளையம்மா குனிந்து, கக்கத்தில் கை கொடுத்து, பொம்மையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். எப்படி வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் காலையும் தேடினார்.

“கழுத்தப் புடிக்காதீங்க ஐயா,” என்றாள் வெள்ளையம்மா, பிடியை விடாமல். “அங்க ஒத்தத் தையல்தான். இடுப்பப் புடிங்க.”

அவர் இடுப்பைப் பிடித்ததும் அவள் கையை எடுத்தாள்.